பிரஷ்ஷைக் கடித்தபடி சொல்லக்கூடிய ஐந்து எழுத்துகள்

நாமக்கல்லிலிருந்து கிளம்பிக் காஷ்மீர் வரைக்கும் போகிற லாரிகளில் பாதிக்கு இங்கிலீஷ் எழுதியவன் நான்தான்.

அது பொய். பாதியெல்லாம் கிடையாது. எங்கள் பட்டறையில் பாடி கட்டிய லாரிகளுக்கு மட்டும்தான் எழுதியிருக்கிறேன். அதிலும் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் இருந்தவரை முன்பக்கம் அவருக்கு, பின்பக்கம் எனக்கு. காஷ்மீரும் சந்தேகம்தான். ஒரு டிரைவர் போய்வந்ததாகச் சொன்னார். அவரும் என் மாதிரியே பேசுகிறவர். ஆனால் ஒன்று மட்டும் சத்தியம். முப்பது வருஷமாக இங்கிலீஷ் எழுதியும், எழுதியது என்ன என்று எனக்குத் தெரியாது.

பள்ளிக்கூடத்துக்கு நான் போனது இரண்டு தடவை. முதல் தடவை, சேர்க்க. இரண்டாவது தடவை, ஓடிவந்தவனைப் பிடித்துக்கொண்டு போய் மறுபடி விட. அதற்கப்புறம் அவர்களும் தேடவில்லை, நானும் தொந்தரவு செய்யவில்லை. தமிழை டீக்கடைப் பேப்பரில் எழுத்துக் கூட்டிக் கற்றுக்கொண்டேன். இதில் பிழை இருந்தால் அந்த டீக்கடையில்தான் கேட்க வேண்டும்.

இங்கிலீஷ் வேறு கதை. அது எனக்கு எழுத்தே இல்லை, படம். இப்போது ஏ என்று சொல்கிறேனே, அது அப்போது எனக்கு ஏணி. ஈ என்பது சீப்பு. பி என்பது எங்கள் முதலாளி, ஏனென்றால் இரண்டு தொப்பை. எஸ் என்பது பாம்பு. ஒய் என்பது கவட்டை. லாரிக்காரர் சீட்டில் எழுதிக் கொடுப்பார். அதைப் பார்த்து ஏணியை ஏணியாக, சீப்பைச் சீப்பாக, முழ உயரத்துக்கு வரைந்து, வலப்பக்கமும் அடிப்பக்கமும் ஷேடு போட்டுக் கொடுத்துவிடுவேன். எழுத்து பலகையை விட்டு எழுந்து நிற்கிற மாதிரி இருக்கும். லாரிக்காரர் தலையாட்டுவார். நானும் ஆட்டுவேன். இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் அது என்ன என்று தெரியும்.

யாராவது திடீரென்று ஒரு காகிதத்தை நீட்டி, "இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றால், சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அடடா, கண்ணாடிய ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டனே" என்பேன். கண்ணாடி எனக்கு வீட்டிலும் கிடையாது. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் ஓட்டினேன்.

ஓட்டத்தை நிறுத்தியவன் எங்கள் வெல்டர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். பத்தாவதில் இங்கிலீஷில் மட்டும் ஃபெயிலானவன். அந்த ஒரு பாடத்தை மூன்று தடவை எழுதினவன் என்பதால், எங்கள் பட்டறையில் இங்கிலீஷ் விஷயத்தில் அவன் சொன்னதுதான் சட்டம். போன வருஷம் ஒரு நாள், புது சேஸிஸோடு வந்த பேப்பரை என்னிடம் நீட்டினான். நான் பையைத் தட்டினேன். வரியைச் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே ஒரு பாலிதீன் கவரை எடுத்தான். உள்ளே சந்தையில் வாங்கின மூன்று மூக்குக் கண்ணாடிகள்.

"எதுங்ணா உங்க பவரு? மூணும் போட்டுப் பாருங்க."

மூன்றையும் போட்டுப் பார்த்தேன். ஏணி பெரிதாகத் தெரிந்தது. அவ்வளவுதான்.

சும்மா இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. "படிக்கறது என்னடா பெரிய விசயம்? இருவத்தாறு எழுத்தும் என்ற கைக்குள்ள இருக்குது. நீ பொறந்த வருசத்துக்கு முன்னாலயே எழுதிப்போட்டவன் நானு" என்றேன்.

"சரிங்ணா. அந்த இருவத்தாறுல உயிரு எது, மெய் எது? அத மட்டும் சொல்லுங்க."

தமிழில் உயிர், மெய் எனக்குத் தெரியும். இங்கிலீஷிலும் அது உண்டு என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். பட்டறையே சுற்றி நின்றது. நான் யோசித்தேன். என்னிடம் இரண்டு வகை பிரஷ் உண்டு. நேர்கோட்டு எழுத்துக்குத் தட்டை பிரஷ், வளைவு எழுத்துக்கு உருண்டை பிரஷ். வளைவு உள்ளதற்குத்தானே வயிறு இருக்கிறது? வயிறு இருந்தால்தானே மூச்சு விட முடியும்?

"உருண்டையெல்லாம் உயிரு, குச்சியெல்லாம் மெய்" என்றேன்.

வெல்டர் தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரித்துச் சிரித்து அவனுக்கு இருமலே வந்துவிட்டது. இத்தனைக்கும் ஐந்து உயிரில் முதல் மூன்றும் சுத்தமான குச்சி என்று பிறகுதான் தெரிந்தது. இதைவிடத் தப்பாகச் சொல்ல வேண்டுமென்றால் தனியாகப் படித்திருக்க வேண்டும்.

சிரிப்பு எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. கோபம் வந்தால் என் கை மீசைக்குப் போகும். என் மீசையைப் பற்றி நானே சொல்லக்கூடாது. ஆனால் வேறு யார் சொல்வார்கள்? இரண்டு பக்கமும் முறுக்கினால் கன்னத்தைத் தாண்டி நிற்கும். உடம்பில் மற்றதெல்லாம் கடவுள் அவசரத்தில் செய்தது. அதை மட்டும் உட்கார்ந்து செய்திருக்கிறார்.

"ஆயுத பூஜைக்குள்ள இருவத்தாறையும் எழுதி, உயிரு மெய் பிரிச்சு, டீச்சரம்மா பாஸுன்னு கையெழுத்துப் போட்ட தாளைக் கொண்டாரேன். இல்லீன்னா பூஜையன்னைக்கு எல்லாருக்கும் முன்னால இந்த மீசைய எடுத்துக்கறேன்" என்றேன்.

"நீங்க ஜெயிச்சா என்ற மீசைய எடுத்துக்கறனுங்ணா" என்றான் வெல்டர். அவனுக்கு மீசை என்பது வெல்டிங் பொறியில் கருகியது போக மிச்சமிருந்த நாலு முடி. யானைக்குப் பந்தயமாக எலியை வைத்தான். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

நான் டீச்சரம்மா என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பொழுது சாய்ந்ததும் பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. எங்கள் தெருப் பெண் ஒருத்திதான் டீச்சர். காலேஜ் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவள். அந்த வகுப்புக்கு என் சம்சாரம் இரண்டு மாதமாகப் போய்க்கொண்டிருந்தாள். தினமும் அவள் சிலேட்டை எடுக்கும்போது, "கலெக்டர் கிளம்பீட்டாங்க, ஜீப்பு வந்துருச்சா?" என்று கேட்பேன். இப்போது அதே கலெக்டரிடம் போய் நின்று பந்தயத்தைச் சொன்னேன்.

அவள் உலையை இறக்கிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏனுங்க, பொண்ணுப் பாக்க வந்தன்னைக்கு உங்ககிட்ட பாக்கற மாதிரி இருந்ததே அது ஒண்ணுதான். அதையும் கொண்டுபோய்ப் பந்தயத்துல வெச்சுப்போட்டீங்களா?"

"போனா மொளைக்குமல்லோ."

"அது மொளைக்கற வரைக்கும் அந்த மூஞ்சிய ஆரு பாக்கறது? நாந்தான? எந்திரிங்க. துண்டை எடுத்துப் போட்டுட்டு வாங்க."

அப்படித்தான் நான் மூன்றாவது தடவை பள்ளிக்கூடம் போனேன்.

டீச்சர் என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "வாங்க பெரியப்பா, பெரியம்மா பக்கத்துலயே உக்காருங்க" என்றாள். சின்னப் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சு. என் முட்டி தாடையைத் தொட்டது. கரும்பலகையில் ஐந்து எழுத்தை எழுதினாள். ஏ, ஈ, ஐ, ஓ, யூ. "இது அஞ்சும் உயிரு பெரியப்பா. மிச்சம் இருவத்தொண்ணும் மெய்யி. உயிரு சேராம மெய்யி தனியா நிக்காது."

அது எனக்கு உடனே பிடிபட்டது. எங்கள் பட்டறைக்குச் சேஸிஸ் வரும்போது அதில் எஞ்சின் மட்டும்தான் இருக்கும். டிரைவர் வெறும் பலகை போட்டு உட்கார்ந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டி வருவார். அது உயிர். நாங்கள் கட்டுவது பாடி. பாடியை மட்டும் கட்டி ரோட்டில் நிறுத்தினால் கோழி அடைக்கலாம், ஓட்ட முடியாது. இதைச் சொன்னதும் டீச்சர் கையைத் தட்டினாள். என் சம்சாரம், "வந்து அரை மணி நேரம் ஆகல, அதுக்குள்ள பாடம் எடுக்கறாரு" என்று பக்கத்துப் பெஞ்சில் சொன்னாள்.

கவட்டை மட்டும் சில சமயம் உயிராகவும் சில சமயம் மெய்யாகவும் வரும் என்று டீச்சர் சொன்னாள். எங்கள் சொந்தத்தில் அப்படி ஒருவர் உண்டு. பொண்ணு வீட்டுப் பந்தியிலும் சாப்பிடுவார், மாப்பிள்ளை வீட்டுப் பந்தியிலும் சாப்பிடுவார். பரீட்சைக்கு அவரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், ஐந்து போதும் என்றாள்.

சொன்னால் புரிந்தது. வீட்டுக்கு வரும்போது மறந்தது. சம்சாரம் என் இடது கையைப் பிடித்து, கட்டைவிரலிலிருந்து ஒவ்வொரு விரலாக மடக்கி, ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்று சொல்ல வைத்தாள். தப்பினால் அந்த விரலில் ஒரு கிள்ளு. பத்து நாளில் விரல் சிவந்தது. ஐந்தின் பெயரும் வாய்க்கு வந்தது. ஆனால் இருபத்தாறையும் எழுதி வைத்து அதில் எது உயிர் என்று கேட்டால், கண் மறுபடி உருண்டைக்கே போனது. முப்பது வருஷப் பழக்கம்.

அதற்கு வழி கிடைத்தது பட்டறையில்தான். நான் எழுதும்போது ஒரு பிரஷ் கையில் இருக்கும், இன்னொன்று குறுக்காக வாயில் இருக்கும், பல்லுக்கு நடுவே. ஒரு நாள் சாயந்திரம் அப்படியே வேலை செய்துகொண்டு எழுத்துகளைச் சொல்லிப் பார்த்தேன். ஏ வந்தது. பி வரவில்லை, உதடு ஒட்டவில்லை. டி வரவில்லை, நாக்கு பிரஷ்ஷில் முட்டியது. ஈ வந்தது. எம் வரவில்லை. ஓ தாராளமாக வந்தது.

இறங்கி வகுப்புக்கு ஓடினேன். பிரஷ்ஷோடு ஓடினேன். வாசலிலேயே டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் தானே ஒரு பென்சிலைக் கடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தாள். "சரிதானுங்க பெரியப்பா. உயிருன்னா மூச்சு எங்கயும் தடைபடாம வாறது. மெய்யின்னா உதடோ நாக்கோ பல்லோ மறிக்கும். நீங்க மறிக்கறதுக்கே ஒரு மறிப்புப் போட்டுட்டீங்க" என்றாள். கேயும் க்யூவும் மட்டும் பிரஷ்ஷுக்கு அடங்கவில்லை. தொண்டைக்குள்ளேயே ஒளிந்துகொண்டு வெளியே வந்துவிடும். அந்த இரண்டு திருடர்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும் என்றாள்.

பரீட்சை ஆயுத பூஜைக்கு நாலு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலையில். மேற்பார்வைக்குச் சேலத்திலிருந்து ஒரு சார் வந்திருந்தார். மூன்றே கேள்வி. இருபத்தாறு எழுத்தையும் எழுது. உயிர், மெய் பிரி. உன் பெயரை இங்கிலீஷில் எழுது. ஒரு மணி நேரம்.

வெள்ளைத்தாளைப் பார்த்ததும் நான் பரீட்சையை மறந்துவிட்டேன். அது எனக்குப் பலகையாகத் தெரிந்தது. பையிலிருந்து நூலை எடுத்து, நடுவைக் கண்டுபிடித்தேன். ஒரு வரியைப் பலகையில் சரியாக உட்கார வைக்க வேண்டுமென்றால், நடு எழுத்தை முதலில் வைத்துவிட்டு இரண்டு பக்கமும் போவதுதான் எங்கள் வழக்கம். இடது ஓரத்தில் ஆரம்பித்தால் கடைசி எழுத்துக்கு இடம் இல்லாமல் டயரில்தான் எழுத வேண்டிவரும். எம்முக்கும் என்னுக்கும் நடுவே புள்ளி வைத்தேன். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. எம், எல், கே என்று இடப்பக்கம் போனேன். என், ஓ, பி என்று வலப்பக்கம் போனேன். எல்லாவற்றுக்கும் இரட்டைக் கோடு. அப்புறம் ஷேடு. எஸ்ஸுக்கு வயிற்றில் ஷேடு சரியாக விழாததால் பக்கத்தில் திருத்தி ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். நிமிர்ந்தபோது என் சம்சாரம் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே மர நிழலில் நின்றுகொண்டிருந்தாள். கால் மணி நேரம்தான் பாக்கி.

இரண்டாவது கேள்விக்குப் பேனாவைக் குறுக்காகக் கடித்துக்கொண்டேன். கண்ணை மூடி, ஒவ்வொன்றாக முனகினேன். கழுத்து நரம்பு புடைத்திருக்க வேண்டும். சேலத்து சார் பதறிப்போய் ஓடிவந்தார்.

"ஏனுங்க, யாராச்சும் வாங்க! பெரியவருக்கு வலிப்பு வந்துருச்சு! சாவி, கீவி, இரும்பு ஏதாச்சும் குடுங்க!"

யாரோ என் கையில் பூட்டுச் சாவியைத் திணித்தார்கள். ஜன்னல் வழியாக என் சம்சாரத்தின் குரல் கேட்டது. "ஒண்ணுமில்லீங்க சார். அவரு படிக்கறாரு."

சாவியைப் பிடித்தபடியே முடித்தேன். கவட்டையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் உயிர் ஏழு வந்தது. விரல் ஐந்துதான். கிள்ளு வாங்காத இரண்டு எவை என்று பார்த்து, கேயையும் க்யூவையும் அடித்தேன். மூன்றாவது கேள்விக்கு நூலை எடுத்து நடுவைப் பிடிக்கும்போது மணி அடித்தது.

டீச்சர் என் தாளை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தாள். "பெரியப்பா, இத ஃப்ரேம் போட்டு மாட்டலாம். ஆனா பாஸுன்னு எழுத முடியாது" என்றாள். முதல் இரண்டும் சரி, மூன்றாவது பாக்கி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். என் சம்சாரம் பாஸ். தன் தாளை மடித்து ஜாக்கெட்டில் வைத்துக்கொண்டாள். வீடு வருவதற்குள் என் மீசையை இரண்டு மூன்று தடவை பார்த்தாள், ஊருக்குப் போகிறவரைப் பார்க்கிற மாதிரி.

ஆயுத பூஜையன்று பட்டறை கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரியும் கடலையும் குவிந்திருந்தது. எல்லோர் வீட்டுப் பெண்களும் வந்திருந்தார்கள், டீச்சரும்தான். வெல்டர் புது ரேசரைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து, ரம்பம், சுத்தியல், என் பிரஷ் எல்லாம் இருந்த வரிசையில் அதையும் வைத்துப் பொட்டு வைத்திருந்தான்.

தாளைக் கொடுத்தேன். வெல்டர் படித்தான். "பாஸுன்னு இல்லீங்களேண்ணா."

"ஃபெயிலுன்னு இருக்குதா?" என்றாள் என் சம்சாரம்.

வழக்கு முதலாளியிடம் போனது. அவர் தாளை வாங்கி, எட்டப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்துவிட்டு, தீர்ப்புச் சொன்னார். "மூணுல ரெண்டு சரி. அப்ப மீசையில மூணுல ஒரு பங்கு எடுத்தாப் போதும்."

எந்தப் பங்கு என்று அடுத்த சண்டை. ஒருவர் இடது என்றார், ஒருவர் வலது என்றார். வெல்டர், "நடுவுல எடுங்க, அப்பத்தான் நாயம்" என்றான். மூக்குக்குக் கீழே வழி விட்டு, இரண்டு பக்கமும் மீசை நிற்கிற என் முகத்தை எல்லோரும் மனதில் பார்த்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கவே இல்லை. நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு மாதிரி இருந்தது. முப்பது வருஷம் ஊரார் பெயரையெல்லாம் ஷேடு போட்டு எழுதிவிட்டு, சொந்தப் பெயர் ஒன்றுக்காக மீசை போகிறதே என்று.

என் சம்சாரம் முன்னால் வந்தாள். "ஏனுங்க முதலாளி, பாக்கி ஒரு கேள்விதான? இப்பவே எழுதட்டும். எழுதுனா மீசை இருக்கட்டும். இல்லீன்னா பங்கு வேண்டாம், மொத்தமா எடுத்துப்போடுங்க. அரைகொறையா என்னால கூட்டீட்டுத் திரிய முடியாது."

முதலாளிக்குப் பிடித்துவிட்டது. தட்டில் ஒரு கட்டிச் சூடத்தை வைத்தார். "இது அணையறதுக்குள்ள எழுதோணும். பலகை அங்க இருக்குது." அடிப்பூச்சுக்கு ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து, காய்ந்து நின்ற லாரிப் பின்கதவு. என் கையில் சாக்பீஸ்.

என் பெயர் குலசாமி பெயர். இங்கிலீஷில் பதினொரு எழுத்து, நாலு உயிர், ஏழு மெய். சூடமோ சுண்டைக்காய் அளவு.

கை தானாக நடுவுக்குப் போனது. ஆறாவது எழுத்தை வைத்தேன். கூட்டத்தில், "என்னங்க இது, பேரு நடுவுல இருந்தா ஆரம்பிக்குது?" என்று ஒரு குரல். வெல்டர் தொடையில் தட்டினான். "அண்ணனுக்கு மறந்துபோச்சு! ரேசரை எடுங்க!" நான் திரும்பவில்லை. இடதில் ஒன்று, வலதில் ஒன்று. சீப்பு. பாம்பு. கவட்டை. ஒரு எழுத்துக்கு இரட்டைக் கோடு போடக் கை வளைந்தபோது பின்னாலிருந்து சம்சாரத்தின் கத்தல்:

"ஷேடு போடாதீங்க! வெசையா எழுதுங்க!"

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக நான் மொட்டை எழுத்து எழுதினேன். வலதுகோடி முடிந்தது. இடதுகோடியில் ஒன்றே ஒன்று பாக்கி, என் பெயரின் முதல் எழுத்து. அதைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். சூடத்தில் சுடர் குழந்தை நகம் அளவுக்கு நின்றுகொண்டிருந்தது. அது அணைவதற்குள் முதல் எழுத்துக்கு மட்டும் ஒரு ஷேடும் போட்டேன். விட மனசு வரவில்லை.

டீச்சர் பொரியை மென்றுகொண்டே எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள். என் பெயர்தான். யாரோ வேறு ஆளைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது எனக்கு. பிறகு தாளை வாங்கி, பாக்கி என்பதை அடித்துப் பாஸ் என்று எழுதினாள்.

வெல்டர் வாக்கு மாறாதவன். போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து, சட்டைக் காலரை மடித்துவிட்டுக்கொண்டான். முதலாளி, எனக்கென்று வாங்கி வந்த அந்தப் புது ரேசரை எடுத்தார். சோப்பு நுரையைத் தடவியதும் அந்த நாலு முடியும் காணாமல் போய்விட்டன. முதலாளி குனிந்து தேடுகிறார். வெல்டர் கண்ணை மூடிக்கொண்டு அப்போது ஒன்று சொன்னான் பாருங்கள்...

"ஏனுங்க! மீசைய முறுக்கிக்கிட்டு அங்க என்ன எழுதீட்டே இருக்கறீங்க? டீச்சரம்மா வாசல்ல நிக்குது. வகுப்புக்குப் போர்டு எழுதோணுமாம். ஷேடு போட்டே வேணுமாம். சீக்கிரம் வாங்க!"

சம்சாரத்திடம் வாரேன் என்றுதான் சொல்கிறேன். வாயில் குறுக்கே பிரஷ் இருக்கிறது. 'ஆ, ஏ' என்று உயிர் மட்டும்தான் வெளியே வருகிறது.